டிசம்பரிலும் வகுப்பில் இருக்கும் ஆசிரியர்: தனியார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆள் எடுப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளியில் எச்.ஆர். நாற்காலியில் உட்காருகிறவருக்கு, கம்பெனி எச்.ஆர். வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு என்பது முதல் வாரமே புரிந்துவிடும். கம்பெனியில் ஓர் இடம் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் வேலை தள்ளிப்போகும், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் இடம் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் பெற்றோர் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள்.

பல பள்ளிகளில் இந்த வேலையை ஜூன் மாதத்தை வைத்து அளக்கிறார்கள். பள்ளி திறக்கும் நாளில் எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தால் தாளாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஜூனில் சேர்ந்தவர் அரையாண்டுத் தேர்வு நடக்கும் டிசம்பரிலும் அதே வகுப்பில் இருக்கிறாரா என்பதுதான் நீங்கள் சரியாக ஆள் எடுத்தீர்களா என்பதற்கு அளவு. நடு ஆண்டில் ஆசிரியர் மாறினால் பாடம் பாதியில் நிற்கும், பிள்ளைகளுக்குப் புது ஆளின் முறை பிடிபட ஒரு மாதம் ஆகும், அதற்குள் திருப்புதல் தேர்வு வந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்த டிசம்பர் கணக்கை வைத்துத்தான்.

முதலில் பீரியடை எண்ணுங்கள்

ஜனவரியில் முதல்வர் உங்களைக் கூப்பிட்டு, “மேத்ஸுக்கு ரெண்டு பேர், பிசிக்ஸுக்கு ஒருத்தர் பாருங்க சார்” என்பார். அப்படியே தலையாட்டிவிட்டு விளம்பரம் கொடுக்கப் போகாதீர்கள். அடுத்த ஆண்டு எத்தனை பிரிவுகள் என்று கேட்டு வாங்கி, கால அட்டவணைப் பொறுப்பாளரோடு உட்காருங்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பில் நான்கு பிரிவு, பத்தில் நான்கு பிரிவு. கணக்குக்கு வாரம் 7 பீரியட் என்றால் 56. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு மூன்று பிரிவு, வாரம் 6 பீரியட் என்றால் இன்னொரு 54. மொத்தம் 110. ஓர் ஆசிரியருக்கு வாரம் 28 பீரியட் என்று வைத்தால் நான்கு பேர் வேண்டும். இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் போகிறார் என்றால் உங்களுக்குத் தேவை இரண்டு. முதல்வர் சொன்னது சரிதான்.

இயற்பியலுக்கு வாருங்கள். பிளஸ் ஒன்னில் இரண்டு பிரிவு, பிளஸ் டூவில் இரண்டு பிரிவு, பாட வகுப்பு 7 வீதம் 28. செய்முறைக்குப் பிரிவுக்கு 2 என்று இன்னொரு 8. ஆக 36. வாரத்துக்கே 40 பீரியட்தான். ஒருவரை மட்டும் எடுத்தால் அவருக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. தீபாவளி தாண்டுவதற்குள் ராஜினாமா கடிதம் வந்துவிடும், அப்போது எல்லாரும் அந்த ஆசிரியரைத்தான் குறை சொல்வார்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தாளாளர் முன்னால் வையுங்கள். வாயால் சொன்னால் எடுபடாது, எண்ணாகக் காட்டினால் எடுபடும்.

சிபிஎஸ்இ பள்ளியென்றால் இதோடு வாரியத்தின் கணக்கும் சேரும். அதன் இணைப்பு விதிகளின்படி ஒரு பிரிவுக்கு 1.5 ஆசிரியர் வேண்டும். 20 பிரிவு உள்ள பள்ளிக்கு 30 பேர். சிறப்புக் கல்வியாளரும் ஆலோசகரும் தனியாக இருக்க வேண்டும். பல பள்ளிகள் ஆய்வுக் குழு வரும் வாரத்தில்தான் இந்த இருவரையும் தேடுகின்றன. இந்தத் தகுதியோடு ஆட்கள் குறைவு. முதலிலேயே தேட ஆரம்பியுங்கள்.

எந்த வகுப்புக்கு என்ன தகுதி

ஆறு முதல் பத்து வரை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர்: அந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம், கூடவே பி.எட். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர்: அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டம், பி.எட். பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண் இருக்கிறதா என்று பாருங்கள்; தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் அதைக் கேட்கின்றன. உடற்கல்விக்கு ஒன்பது, பத்து வரை பி.பி.எட்., மேல்நிலைக்கு எம்.பி.எட். சிபிஎஸ்இ பள்ளிகளில் இதையே டிஜிடி, பிஜிடி என்பார்கள்.

டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு விஷயத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தை ஒட்டி 2010 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கு டெட் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. ஒன்பது, பத்துக்கு மட்டும் எடுப்பவருக்கு அந்த அறிவிப்பில் டெட் இல்லை. ஆனால் தனியார் பள்ளியில் யார் ஒன்பது, பத்து மட்டும் எடுக்கிறார்கள்? அட்டவணையில் ஏழாம் வகுப்புக்கு ஒரு பிரிவு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு பிரிவு போதும், டெட் இரண்டாம் தாள் தேவைப்படும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, பணியில் இருப்பவர்களையும் இதற்குள் கொண்டுவந்தது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய கேள்வியை மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஆகவே விண்ணப்பத்தில் டெட் தேர்ச்சி இருந்தால் அதைத் தனிக் கட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று யாராவது தயங்கினால், 2021-இலேயே அதை ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். தமிழ் கற்பித்தல் சட்டம் 2006-இல் வந்தது. மற்ற வாரியப் பள்ளிகளுக்கு 2015-16இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறியது. இப்போது சிபிஎஸ்இ பள்ளிக்கும் பத்தாம் வகுப்பு வரை தமிழாசிரியர் வேண்டும். “தமிழுக்கு ஆள் கிடைக்காமலா போய்விடும்” என்று கடைசியில் விடுகிற பள்ளிகள், ஜூன் இரண்டாம் வாரத்தில் கைக்குக் கிடைத்தவரை எடுத்துக்கொள்கின்றன.

எப்போது, எங்கே தேடுவது

ஜனவரி, பிப்ரவரியில் இருக்கிற ஆசிரியர்களிடம் அடுத்த ஆண்டு தொடர்கிறீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். “போறேன்னு சொன்னா இந்த மாசச் சம்பளத்தைப் பிடிச்சிடுவாங்களோ” என்ற பயம் இருந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். முன்கூட்டிச் சொன்னவருக்கு ஒரு தொந்தரவும் வராது என்று ஓர் ஆண்டு நிரூபித்துவிட்டால், அடுத்த ஆண்டிலிருந்து அவர்களே வந்து சொல்வார்கள்.

முதுகலை ஆசிரியர்களை மார்ச்சுக்குள் பேசி முடித்துவிடுவது நல்லது. வேதியியல், கணிதத்தில் நல்ல கை உள்ளவர்கள் ஏப்ரல் வரை காத்திருப்பதில்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் இதில் முந்திக்கொள்ளும். பட்டதாரி ஆசிரியர்களுக்கு ஏப்ரல். மே மாதத்தை அவசரத் தேவைக்கு மட்டும் வையுங்கள்.

விளம்பரத்தில் “தகுதிக்கேற்ற ஊதியம்” என்று போடுவது பழக்கமாகிவிட்டது. அதைப் படிக்கிறவர் ‘குறைவாகத்தான் இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவார், அல்லது உங்களால் கொடுக்கவே முடியாத தொகையை எதிர்பார்த்து வந்து இருவர் நேரத்தையும் வீணாக்குவார். இன்ன தொகையிலிருந்து இன்ன தொகை வரை என்று போடுங்கள். அதோடு வகுப்பு எது, வாரம் எத்தனை பீரியட், பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டா, பள்ளிப் பேருந்தில் வரலாமா என்பதையும் சேருங்கள். என் அனுபவத்தில் இரண்டாயிரம் ரூபாய் அதிகச் சம்பளத்தைவிடக் கட்டணச் சலுகைக்கு இழுக்கும் சக்தி அதிகம். பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் ஆசிரியர் டிசம்பரில் விட்டுப்போவது அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, வேலைவாய்ப்பு இணையதளங்கள், ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் சரி. ஆனால் நல்ல ஆள் கிடைக்கும் இடம் பக்கத்து பி.எட். கல்லூரி. பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு ஆனபின், இரண்டாம் ஆண்டில் மாணவர்கள் 16 வாரம் பள்ளியில் பயிற்சிக்கு வருகிறார்கள். வேறு எந்த வேலையிலும் ஓர் ஆளை இத்தனை வாரம் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு எடுக்கும் வசதி கிடையாது. பல பள்ளிகளில் அவர்களுக்குப் பேப்பர் திருத்தவும் வராதவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும்தான் வேலை. அவர்கள் பாடம் நடத்துவதை நீங்கள் ஒருமுறையாவது பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பிடித்த இரண்டு பேரின் எண்ணை வாங்கி வையுங்கள்.

விண்ணப்பத்தைப் படிக்கும் விதம்

வேலை பார்த்த தேதிகளை மாதத்தோடு பாருங்கள், ஆண்டு மட்டும் போதாது. ஜூனில் சேர்ந்து ஏப்ரலில் விட்டவர் ஒரு முழு ஆண்டை முடித்திருக்கிறார். ஜூலையில் சேர்ந்து நவம்பரில் விட்டது இரண்டு இடத்தில் இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி அது. காரணம் நியாயமாகவும் இருக்கலாம்: சம்பளம் மூன்று மாதம் வராமல் இருந்திருக்கும், மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கும். கேட்காமல் ஒதுக்கிவிடாதீர்கள்.

பட்டமும் பாடமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இளங்கலை தாவரவியல் படித்தவரை “சயின்ஸ்தானே, பார்த்துக்குவாங்க” என்று பத்தாம் வகுப்பு இயற்பியலுக்குப் போடுவது நடக்கிறது. எட்டு வரை சமாளிப்பார். பத்தாம் வகுப்பில் ஒளியியல் கணக்கு வரும்போது திணறுவார், பிள்ளைகள் அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாகப் படித்தவரா என்பதும் பாருங்கள். இந்த வரிசை உடைந்தால் பின்னால் ஒப்புதல் வாங்கும்போது சிக்கல் வரும்.

டெமோ வகுப்பு

முழுச் செயல்முறையில் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். குறைந்த நேரம் செலவிடப்படுவதும் இங்கேதான். முதல்வர் அறையில் நான்கு பெரியவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேசச் சொல்வதற்குப் பெயர் டெமோ கிடையாது. பெரியவர்கள் முன்னால் கணீரென்று பேசுகிற பலர், நாற்பது பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டே களைத்துவிடுவார்கள். கூச்சமாக உட்கார்ந்திருக்கும் சிலர் சாக்பீஸைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாக மாறுவார்கள்.

தலைப்பை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தயாரிப்பு எப்படி இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். குறைந்தது 25 நிமிடம், உண்மையான பிள்ளைகள். கோடை விடுமுறையில் வகுப்பு இல்லையென்றால் பணியாளர்களின் பிள்ளைகள், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்று பத்துப் பேரைத் திரட்டினாலும் போதும்.

பிறகு ஒரு பிள்ளையிடம் முன்பே சொல்லி வைத்துத் தவறான ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அறிவியல் என்றால், “எடையும் நிறையும் ஒண்ணுதானே மிஸ்?” இதற்கு வரும் பதிலில் பாதி தெரிந்துவிடும். “தப்பு, உட்காரு” என்பவர் ஒரு வகை. புத்தகத்தில் உள்ள வரையறையை இன்னொரு முறை ஒப்பிப்பவர் இன்னொரு வகை. “சரி, நீ நிலாவுக்குப் போய் நின்னா என்ன ஆகும்? உன் உடம்புல இருக்கிற பொருள் குறையுமா?” என்று திருப்பிக் கேட்டு, அங்கே எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை அப்படியே இருக்கும் என்று பிள்ளையின் வாயாலேயே வரவழைப்பவர் மூன்றாவது வகை. இவரை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் விட்டுவிடாதீர்கள். தனியார் பள்ளி நிர்வாகங்களுக்குச் சரளமான ஆங்கிலத்தின் மேல் ஒரு மயக்கம் உண்டு. ஆங்கில ஆசிரியர் இடத்துக்கு அது நியாயம். வேதியியலுக்கு ஆள் எடுக்கும்போது அதை இரண்டாவதாக வையுங்கள் என்று தாளாளரிடம் நீங்கள்தான் வாதாட வேண்டும்.

கரும்பலகையையும் கவனியுங்கள். முடிந்த பிறகு ஒரு படம் எடுத்து வையுங்கள். இடமிருந்து வலமாக ஒழுங்காக எழுதியிருக்கிறாரா, வரைபடத்தில் பெயர் குறித்தாரா, அல்லது எழுதி அழித்து எழுதி அழித்துக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லையா? வகுப்பில் கொஞ்சம் தூங்கிவிட்ட பிள்ளை பலகையைப் பார்த்துப் பாடத்தைப் பிடித்துக்கொள்ள முடிந்தால் அது நல்ல பலகை.

டெமோ முடிந்ததும் பழைய அரையாண்டு விடைத்தாள் ஒன்றின் ஜெராக்ஸைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். படிகள் எல்லாம் சரியாகப் போட்டுக் கடைசிக் கூட்டலில் தவறிய ஒரு கணக்கு அதில் இருக்க வேண்டும். முழுச் சுழியம் போடுகிறவருக்குப் பொதுத்தேர்வில் படிக்கு மதிப்பெண் கிடைக்கும் என்பதே மனதில் இல்லை. அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம், சொல்லிக் கொடுத்தால் வரும். ஆனால் “ஏன் சுழியம் போட்டீர்கள்?” என்று கேட்டதும் அவர் யோசிக்கிறாரா, வாதாடுகிறாரா என்று பாருங்கள்.

நேர்காணலும் சம்பளப் பேச்சும்

நேர்காணலில் முதல்வர், பாட ஒருங்கிணைப்பாளர், நீங்கள், மூவர் போதும். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று ஆரம்பித்தால் மனப்பாடம் செய்த பதில்தான் வரும். “போன வருஷம் உங்க வகுப்புல தேறமாட்டான்னு நினைச்ச ஒரு பையனைப் பத்திச் சொல்லுங்க, அவனுக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேளுங்கள். உண்மையாக வகுப்பு எடுத்தவரிடம் ஒரு பிள்ளையின் கதை கட்டாயம் இருக்கும்.

பெண்களிடம் “கல்யாணம் எப்போ? குழந்தை பிளான் இருக்கா?” என்று கேட்பது இன்னும் நடக்கிறது. சாதியைச் சுற்றி வளைத்து விசாரிப்பதும் நடக்கிறது. இரண்டும் கூடாது. நிர்வாகத்தில் யாராவது கேட்டால் நீங்கள் இடையில் புகுந்து பேச்சை மாற்றுங்கள். நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மார்ச் வரை வகுப்பு தடைபடுமா? அதை ஆண், பெண் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கலாம். மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது சட்டம் தரும் உரிமை. அதற்கு மாற்று ஆளைத் திட்டமிடுவது உங்கள் வேலை, ஆசிரியையின் குற்றம் அல்ல.

அரசுப் பள்ளி வேலைக்கான டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வுக்குப் படிக்கிறீர்களா என்றும் வெளிப்படையாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் ஒதுக்கிவிடும் பள்ளிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் பாடத்தில் கூர்மையாக இருப்பார். அவரை எடுங்கள், ஆனால் ஒரே பாடத்தின் இரண்டு இடத்திலும் அப்படிப்பட்டவரையே போடாதீர்கள். கணக்கில் ஒருவர் அரசு வேலைக்குப் போனால் இன்னொருவர் நிற்க வேண்டும்.

எந்த வழியாக வருவார் என்று கேட்பதும் முக்கியம். இரண்டு பேருந்து மாறி வருகிறவர் மழைக்காலம் வரை தாங்குவார். பள்ளிப் பேருந்து அவர் ஊர் வழியாகப் போகிறதா என்று போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சம்பளத்தைச் சொல்லும்போது கையில் வருவதைச் சொல்லுங்கள். 18,000 என்று பேசினால், 15,000 உச்சவரம்பில் பிஎஃப் 12 விழுக்காடு 1,800 போகும். சம்பளம் 21,000 வரை இஎஸ்ஐ உண்டு, அதற்கு 0.75 விழுக்காடு, அதாவது 135 போகும். கையில் 16,065. தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் இன்னும் குறையும். இதைச் சொல்லாமல் விட்டால் ஜூலை முதல் வாரம் உங்கள் அறைக்கு வருவார், வந்த கோபம் டிசம்பர் வரை போகாது. மே மாதச் சம்பளம் உண்டா இல்லையா என்பதும் அப்படித்தான். பத்து மாதச் சம்பளம் மட்டும் கொடுத்துவிட்டு ஏப்ரல், மேயில் அட்மிஷனுக்கு வீடு வீடாக அனுப்பும் பள்ளியில் யார் நிலைப்பார்கள்? அட்மிஷன் வேலை உண்டென்றால் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சரிபார்ப்பு

சான்றிதழ்களை அசலோடு ஒப்பிட்டுவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். அசலை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்தால் ஆசிரியர் ஓடமாட்டார் என்று நினைக்கும் நிர்வாகங்கள் உண்டு. நகையை அடகு வைப்பது போல மனிதரின் படிப்பை அடகு வாங்குவது அசிங்கம். போக நினைப்பவர் எப்படியும் போவார், போகும்போது ஊர் முழுக்கச் சொல்லிவிட்டும் போவார்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கரில் பார்க்கலாம். பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மை கேட்டு எழுதுங்கள். வெளிமாநில பி.எட். என்றால் அந்தக் கல்லூரி அந்த ஆண்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றிருந்ததா என்று பாருங்கள். அனுபவச் சான்றிதழைக் காட்டிலும் பிஎஃப் கணக்கின் பணி வரலாறு நம்பகமானது. எந்த மாதம் எங்கே சேர்ந்தார், எப்போது விட்டார் என்பது அதில் வரும். பிஎஃப் கட்டாத பள்ளிகளும் இருப்பதால், அதில் இல்லை என்பதற்காக அவரைப் பொய்யர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

பழைய பள்ளிக்கு ஒரு போன். விண்ணப்பதாரர் இன்னும் அங்கேயே வேலையில் இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் பேசாதீர்கள். “எப்படி வேலை பார்த்தாங்க?” என்றால் “நல்லாப் பார்த்தாங்க” என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: “மேடம், உங்க ஸ்கூல்ல அந்த இடம் திரும்ப காலியானா இவங்களையே மறுபடி கூப்பிடுவீங்களா?” பதிலுக்கு முன்னால் வரும் மௌனம் எவ்வளவு நீளம் என்று கவனியுங்கள். அடுத்து, “பிள்ளைங்க சம்பந்தமா ஏதாவது புகார் வந்ததா?” என்று நேராகக் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள்.

ஏனென்றால் இது நம் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த போக்சோ விதிகள் 2020, பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனம் எதுவானாலும் அதன் ஒவ்வொரு பணியாளருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்ய வேண்டும், அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திரும்பவும் செய்ய வேண்டும் என்கிறது. ஆசிரியர், ஆயாம்மா, ஒப்பந்த ஓட்டுநர் என்ற வித்தியாசம் இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். போக்சோ சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றம் தெரிந்தும் புகார் கொடுக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. “பள்ளிப் பெயர் கெட்டுடும், கமுக்கமா ராஜினாமா வாங்கிடலாம்” என்று ஒருவரை அனுப்பிவைத்தால், அடுத்த பள்ளிக்குப் போகிற அதே ஆளைப் பற்றித்தான் அந்தப் பள்ளியின் எச்.ஆர். உங்களுக்குப் போன் செய்வார். குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணும், பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் பணியாளர் அறையிலும் வகுப்புகளிலும் ஒட்டியிருக்கட்டும்.

ஆசிரியரல்லாதவர்கள்

அலுவலக எழுத்தருக்கு, மாணவர் விவரங்களைப் பதிவு செய்யும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வேலை செய்யத் தெரிய வேண்டும். ஒரு மாணவர் மாற்றத்தைப் பதிவு செய்யும் முறையை வாயால் விளக்கச் சொன்னாலே தெரிந்துவிடும். ஆய்வக உதவியாளருக்கு அமிலத்தை நீர்க்கச் செய்யச் சொல்லுங்கள்: தண்ணீரில் அமிலத்தை ஊற்றுகிறாரா, அமிலத்தில் தண்ணீரை ஊற்றுகிறாரா? இரண்டாவது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஓட்டுநரின் உரிமத்தை அரசின் பரிவாகன் போக்குவரத்துத் தளத்தில் சரிபாருங்கள், கண் பரிசோதனை செய்யுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பள்ளி வழித்தடத்திலேயே ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பாருங்கள். பேருந்தில் உதவியாளர் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. 2012-இல் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. மே மாத வாகன ஆய்வுக்கு முன்பே ஓட்டுநர், உதவியாளர் இடங்களை நிரப்பிவிடுங்கள்.

விடுதிக் காப்பாளர் இடத்துக்கு மட்டும் அவசரப்படவே கூடாது. ஆள் கிடைக்காவிட்டால் இருக்கிற ஆசிரியர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். சரிபார்ப்பு முடியாத ஒருவரை ஒரு நாள்கூட விடுதியில் தங்க வைக்காதீர்கள்.

நியமன ஆணை

பணி நியமன ஆணையைச் சேரும் நாளிலேயே கொடுங்கள். பதவி, வகுப்புகள், சம்பள விவரம், விடுப்பு, தகுதிகாண் காலம், விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் எல்லாம் தமிழிலோ ஆங்கிலத்திலோ அவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். முன்னறிவிப்பு இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ஆசிரியர் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், பள்ளி மட்டும் ஒரே நாளில் அனுப்பலாம் என்றிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆசிரியருக்கும் உண்டு. 2009 திருத்தம் அதை 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும்படி கொண்டுவந்தது, தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. 26,000 வாங்கியவர் ஆறு ஆண்டு கழித்துப் போனால் ஆண்டுக்கு 15,000 வீதம் 90,000. இந்தக் கணக்கைச் சேரும்போதே சொல்லுங்கள். நான்காம் ஆண்டில் போகலாமா என்று யோசிப்பவர் அப்போது நினைத்துப் பார்ப்பார்.

ஜூன் முதல் காலாண்டு வரை

புதிதாக வந்தவருக்கு, பழையவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பிரிவைக் கொடுப்பது நம் பள்ளிகளில் எழுதப்படாத சட்டம். அதற்கும் மேல் வகுப்பாசிரியர் பொறுப்பு, பேருந்துப் பொறுப்பு, ஆண்டுவிழாப் பொறுப்பு என்று ஏற்றுவார்கள். முதல் பருவத்திலாவது வகுப்பாசிரியர் பொறுப்பு இல்லாமல் விட முடியுமா என்று முதல்வரிடம் பேசுங்கள். அதே பாடத்தில் மூத்தவர் ஒருவரைத் துணையாகப் போடுங்கள். பாடக்குறிப்பேடு எப்படி எழுத வேண்டும், மதிப்பெண் பதிவேடு எங்கே இருக்கும், விடுப்பு வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் கேட்கக் கூச்சப்படும் விஷயங்கள். துணைக்கு ஆள் இருந்தால் கேட்டுவிடுவார்கள்.

முதல் சம்பள நாளன்று ஒருமுறை, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒருமுறை நீங்களே போய்ப் பேசுங்கள். அலுவலகத்துக்குக் கூப்பிட வேண்டாம், கூப்பிட்டால் பயந்துதான் வருவார்கள். ஓய்வு பீரியடில் பணியாளர் அறையில் டீயோடு உட்கார்ந்து, “எப்படிப் போகுது மிஸ்? ஏதாவது மாத்தணுமா?” என்றால் போதும். செப்டம்பரில் சொல்லப்படும் குறையைத் தீர்த்துவிடலாம். நவம்பரில் வருவது பெரும்பாலும் ராஜினாமா கடிதம்தான்.

நடுவில் போகிறவர்கள்

எவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தாலும் ஒருவர் போவார். டிஆர்பி முடிவு வரும், கணவருக்கு ஓசூருக்கு மாற்றல் வரும். அதற்காக நேர்காணலில் இரண்டாம் இடம் வந்தவர்களின் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். ஜூனிலேயே அவர்களுக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பியிருந்தால், அக்டோபரில் கூப்பிடும்போது எடுத்துப் பேசுவார்கள். பதிலே சொல்லாமல் காக்க வைத்த பள்ளியின் எண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் இரண்டொருவரிடமும் பேசி வையுங்கள், ஒரு மாதம், இரண்டு மாதம் என்றால் பலர் சந்தோஷமாக வருவார்கள்.

போகிறவரிடம் மூன்று விஷயங்களை வாங்கிக்கொள்ளுங்கள்: பாடத்தில் எதுவரை முடிந்திருக்கிறது, மதிப்பெண் பதிவேடு, பிரிவுக்கு ஐந்து பிள்ளைகளைப் பற்றி நான்கு வரி. யார் எதில் தடுமாறுகிறார் என்ற அந்தக் குறிப்பு புது ஆளுக்கு எந்தப் பயிற்சியையும்விட உதவும். முடிந்தால் இரண்டு பேரும் மூன்று நாள் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்கட்டும். பணிவிடுப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் கடைசி நாளிலேயே கையில் கொடுத்து, பாக்கிச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று சொல்லி அனுப்புங்கள். அந்தத் தேதியில் போட்டும் விடுங்கள். அடுத்த பிப்ரவரியில் உங்கள் விளம்பரத்தைப் பார்க்கும் கணக்கு டீச்சர் முதலில் போன் செய்து விசாரிப்பது அவரிடம்தான்.